மூணாவது பெஞ்ச்: பல்ஸருக்கு சட்டை போடலாமா?

இந்த வாரம் ஒரு ஜி.கே. கேள்வியோட ஆரம்பிப்போம். ரேடியத்தைக் கண்டுபிடிச்சது யாரு?

'மேரி கியூரி, பியரி கியூரி, 1898'ன்னு டான்னு சொன்னீங்கன்னா, சாரி, நீங்க முதல் பெஞ்ச். 'எங்க தெருமுனையில ஸ்டிக்கர் கட்டிங் போடற அண்ணன்'னு சொன்னீங்கன்னா... வாங்க பாஸ், தள்ளி உட்காருறோம், நீங்க நம்ம ஆளு! தமிழ்நாட்டுல வண்டியில ஒட்டற எல்லா ஸ்டிக்கருக்கும் பேரு ரேடியம்தான். அதுல துளிகூட ரேடியம் கிடையாது. (இருந்தா ஒட்டற அண்ணனும் இருக்க மாட்டார், ஓட்டற நாமளும் இருக்க மாட்டோம்.)

அந்த ரேடியம் கடைகள்ல பாதிப் பேரு இப்ப போர்டை மாத்திட்டாங்க. 'ராப்பிங் ஸ்டூடியோ'வாம். பாட்டுப் பாடற ராப் இல்ல, பார்சல் கட்டற ராப். வண்டியோட பெயின்ட் மேல வினைல் ஷீட்டை இழுத்து ஒட்டி, ஹீட் கன்னால சூடு காட்டி, சிவப்பு வண்டியை சிமென்ட் கலராவோ வெட்டுக்கிளிப் பச்சையாவோ மாத்திடறது. போரடிச்சா உரிச்சுட்டு வேற கலர். கேக்கறதுக்கு செமயா இருக்குல்ல? எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. ஒரு மாசமா இந்த மேட்டர்தான் மண்டைக்குள்ள ஓடுது. தெர்மோடைனமிக்ஸ் கிளாஸ்ல நோட்டோட கடைசிப் பக்கம் பூரா மேட் ஃபினிஷ்ல பல்ஸர் படம்.

வண்டியைப் பத்தி சொல்லிடறேன். 2013 மாடல் பல்ஸர் 150. என்னோடது இல்ல, எங்க மாமாவோடது. அம்மாவோட தம்பி. துபாய்க்கு வேலைக்குப் போறப்ப, 'சும்மா நின்னா துருப்பிடிச்சுடும், நீ ஓட்டு மாப்ள'ன்னு சாவியைக் கையில குடுத்துட்டு ஃப்ளைட் ஏறிட்டார். நான் அதைத் திண்டுக்கல்லேருந்து ரயில்ல பார்சல் போட்டு சென்னைக்குக் கொண்டு வந்தேன். கலர், ஒயின் சிவப்பு. டேங்க்கோட வலது பக்கம் எப்பவோ அடிபட்டு, பட்டி பார்த்து, அந்த எடத்துக்கு மட்டும் திரும்ப பெயின்ட் அடிச்சிருக்காங்க. நிழல்ல தெரியாது. வெயில்ல நிறுத்தினா அந்த எடம் மட்டும் வேற சிவப்பு. சைடு பேனல்ல கோடு கோடா கீறல். டெயில் பேனல், பத்து வருஷம் வெயில்ல காயப்போட்ட சட்டை மாதிரி வெளுத்துக் கிடக்கு.

'மச்சி, உன் வண்டிக்கு ஒரு சட்டை வாங்கிப் போட்டு விடுடா, பாவமா இருக்கு'ன்னு ரூம்மேட் ஆரம்பிச்சு வச்சான். அவன் ஆரம்பிச்சு வச்ச எதையும் நான்தான் முடிக்கணும், மெஸ் பில் உட்பட.

கையில இருக்கறது 9,000 ரூபாய். ஜூனியர்ஸுக்கு எம்-டூ சொல்லிக் குடுத்ததும் இந்தப் பக்கத்துல எழுதினதும் சேர்ந்து வந்த காசு. அப்பாகிட்ட கேட்டது கிடையாது, கேக்கறதாவும் இல்ல. அதனால ஒட்டறதுக்கு முன்னாடி கொஞ்சம் படிப்போம்னு முடிவு பண்ணேன். (எக்ஸாமுக்குக்கூட இப்படிப் படிச்சதில்லைங்கிறது வேற விஷயம்.)

வினைல்னா வேற ஒண்ணுமில்ல, பி.வி.சி. வீட்டுத் தண்ணிக்குழாயில இருக்கற அதே சமாச்சாரம்தான். குழாய் விறைப்பா நிக்கும். அதுல பிளாஸ்டிசைஸர்னு ஒண்ணைக் கலந்தா மெத்துன்னு வளைய ஆரம்பிச்சுடும். 1926-ல அமெரிக்காவுல, பி.எஃப்.குட்ரிச் கம்பெனியில வால்டோ செமன்னு ஒரு கெமிஸ்ட் இதைக் கண்டுபிடிச்சார். அவர் தேடினது வேற. ரப்பரை உலோகத்தோட ஒட்டறதுக்கு ஒரு பசை தேடிக்கிட்டு இருந்தார். பசை கிடைக்கலை, வளையற பி.வி.சி. கிடைச்சுது. இன்னிக்கு நாம அந்த பி.வி.சி.யோட முதுகுல பசையைத் தடவி உலோகத்து மேல ஒட்டிக்கிட்டு இருக்கோம். மனுஷன் கிளம்பின எடத்துக்கே நாம திரும்பி வந்துட்டோம் பாருங்க!

கலர் மாத்தறதுக்கு ஃபிலிம் ஒட்டறதுல ஜெர்மனி டாக்ஸிக்காரங்க கில்லாடிங்க. அங்க டாக்ஸின்னா வெளிர் தந்தக் கலர். அந்தக் கலர் காரை நாளைக்கு விக்கணும்னா வீட்டு உபயோகத்துக்கு யாரு வாங்குவா? அதனால வெள்ளையோ கறுப்போ வேற கலர் கார் வாங்கி, மேல தந்தக் கலர் ஃபிலிமை ஒட்டி ஓட்டறாங்க. விக்கற அன்னிக்கு உரிச்சுடறாங்க. உள்ள பெயின்ட், டப்பாவுலேருந்து எடுத்த லட்டு மாதிரி புதுசா இருக்கும். இதைப் படிச்சப்ப எனக்கு ஒரே குஷி. அப்புறம்தான் ஒரு விஷயம் உறைச்சுது. அவங்க ஒட்டறது ஷோரூம் காருக்கு. நல்ல பெயின்ட்டைக் காப்பாத்தறதுக்கு. நான் ஒட்டப் போறது, கெட்டுப்போன பெயின்ட்டை மறைக்கறதுக்கு. ரெண்டும் ஒண்ணா?

சரி, கடையிலேயே கேட்டுடுவோம்னு ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். மவுன்ட் ரோட்டுலேருந்து பிரியற ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு தெரியும்ல? கார் ஆக்சஸரீஸுக்குன்னே ஒரு தெரு. பக்கத்துலயே புதுப்பேட்டை. அங்க பழைய வண்டி ஸ்பேர்ஸ் கிடைக்கும், கொஞ்சம் ஏமாந்தா நம்ம வண்டி ஸ்பேரையே நமக்கு வித்துடுவாங்கன்னு ஜோக் அடிப்பாங்க. முதல் கடையில முழு வண்டிக்கும் 3,000 சொன்னாங்க. 'காலைல விடுங்க, மதியம் எடுத்துக்கங்க. எல்லாம் இம்போர்ட்டட் தம்பி.' நாலு கடை தள்ளி இன்னொரு எடத்துல 8,500. ரெண்டு நாள் வண்டியை விடணுமாம். ஒரே ஸ்டிக்கர், ஒரே வண்டி, இவ்வளவு வித்தியாசமா? 'ரெண்டாவது ஆளு நம்ம மூஞ்சில இ.வா.ன்னு எழுதியிருக்கறதைப் பார்த்துட்டான்டா'ன்னு ரூம்மேட் காதைக் கடிச்சான்.

ஆனா, அந்த ரெண்டாவது கடை அண்ணன் நல்ல மனுஷன். கடையில கூட்டம் இல்லாததால உக்கார வச்சுப் பாடமே எடுத்தார். அவர் சொன்னதை நான் உங்களுக்கு டிபன் பாஷையில சொல்றேன்.

வினைல் ஃபிலிம் ரெண்டு ஜாதி. ஒண்ணு கேலண்டர்டு. இது சப்பாத்தி. சூடான பி.வி.சி. மாவை உருளைகளுக்கு நடுவுல விட்டு அழுத்தி அழுத்தி மெல்லிசாக்கறது. இன்னொண்ணு காஸ்ட். இது தோசை. திரவமா கரைச்சு, ஒரு ஷீட் மேல ஊத்திப் பரப்பி, சுட்டு எடுக்கறது. ஹாஸ்டல் மெஸ்ல சப்பாத்தி தேய்க்கறதைப் பார்த்திருக்கீங்களா? கட்டையால தேய்ச்சுவிட்டு கையை எடுத்தா, மாவு மெதுவா பழைய சைஸுக்கே சுருங்கும். அழுத்தி நீட்டின எதுக்கும் அந்தக் கோபம் உள்ள இருக்கும். கேலண்டர்டு ஃபிலிமும் அப்படித்தான். ஒட்டறப்ப நல்லா இருக்கும், வெயில்ல சூடேற ஏற சுருங்கும். ஓரம் எல்லாம் பின்வாங்கும். உள்ளேருந்து பழைய சிவப்பு பல்லைக் காட்டும். தோசையை யாரும் அழுத்தி நீட்டலை, அது ஊத்தின எடத்துலயே வெந்தது. அதுக்குத் திரும்பிப் போறதுக்கு எடமே இல்ல. அதனால காஸ்ட் ஃபிலிம் வளைவு நெளிவுல ஒட்டினா சொன்ன பேச்சு கேக்கும். 3எம், ஏவரி டென்னிசன் மாதிரி கம்பெனிங்க வண்டி முழுக்க ஒட்டறதுக்குன்னு தர்றது இந்த தோசை வகைதான். 3,000-க்கும் 8,500-க்கும் நடுவுல இருந்த பெரிய வித்தியாசம் இதுதான்.

தட்டையான எடத்துக்கு சப்பாத்தி போதும்ங்க. கடை போர்டு, டெம்போ கதவு, பஸ் பக்கவாட்டு விளம்பரம்... இதுக்கெல்லாம் அது பாட்டுக்கு உழைக்கும். பைக் அப்படியா? டேங்க்கைப் பாருங்க, தட்டையான எடம் ஒரு உள்ளங்கை அகலமாவது இருக்கா? ஒரு பக்கம் மட்டும் வளைஞ்சா பேப்பரைக்கூடச் சுத்திடலாம். ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல வளையறதைச் சுத்தணும்னா ஃபிலிம் நீளணும். நம்பிக்கை இல்லைன்னா ஒரு தேங்காய்க்கு கிஃப்ட் பேப்பர் சுத்திப் பாருங்க, சுருக்கம் விழாம சுத்திட்டா உங்களுக்கு ட்ரீட்! கார் பானெட்டை விட பைக் சின்னதுதானே, சுலபமா இருக்கும்னு நினைச்சேன். உல்டா. சின்னதா இருக்கறதாலதான் கஷ்டம். ஒவ்வொரு பேனலையும் கழட்டி, ஓரத்தை உள்பக்கமா மடிச்சு ஒட்டி, திரும்ப மாட்டணும். ரெண்டு நாள் கேட்டது அதுக்குத்தான். கழட்டாம ஒட்டறேன்னு சொல்றவர், பேனல் விளிம்போட பிளேடால வெட்டுவார். பிளேடு ஃபிலிமோட நிக்காது. பெயின்ட்டையும் கீறிடும். இரும்பு டேங்க்ல அந்தக் கீறல் வழியா தண்ணி இறங்கினா துரு, ஃபிலிமுக்கு அடியில, நம்ம கண்ணுக்குத் தெரியாம. இதுக்குன்னே நடுவுல நூல் ஓடற டேப் இருக்கு. அதை முதல்ல ஒட்டிட்டு, மேல ஃபிலிமை ஒட்டி, நூலை இழுத்தா வெட்டு விழும், பெயின்ட்டுக்கு ஆபத்தில்ல. 'உங்க கடையில நூல் டேப் இருக்கா?'ன்னு ஒரு கேள்வி கேளுங்க. அண்ணன் முகத்துலயே பதில் தெரிஞ்சிடும்.

அப்புறம் இந்த ஃபிலிமோட தடிமன். காஸ்ட் ஃபிலிம்னா சாதாரணமா 50-லேருந்து 100 மைக்ரானுக்குள்ள. நாம அசைன்மென்ட் எழுதற ஏ4 பேப்பரே கிட்டத்தட்ட 100 மைக்ரான். அப்ப யோசிங்க. பேப்பரை சொரசொரப்பான சுவர்ல ஒட்டிட்டு சுவர் வழவழன்னு ஆயிடுச்சுன்னு சொல்ல முடியுமா? கீழ இருக்கற மேடு, பள்ளம், பெயின்ட் உப்பல், பழைய ஸ்டிக்கரோட விளிம்பு எல்லாம் அப்படியே மேல தெரியும். பளபளா ஃபினிஷ்னா இன்னும் கொடுமை. 'அப்ப கீறலை மறைக்காதா அண்ணா?'ன்னேன். 'நகத்துல தட்டுப்படாத கீறல்னா மறைஞ்சுடும். நகம் மாட்டிச்சுன்னா ஃபிலிம்லயும் மாட்டும்'னார். உடனே வெளிய போய் என் சைடு பேனலை நகத்தால தடவிப் பார்த்தேன். மூணு எடத்துல மாட்டுச்சு. அதை மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு சமன் பண்ணிடலாமாம்.

அடுத்து அவரே வண்டியைப் பார்க்க வந்தார். டேங்க்கை ஒரு தடவு தடவினார். சரியா அந்த வலது பக்கத்துல கை நின்னுச்சு. 'தம்பி, இது பட்டி பார்த்த எடம். இங்க ஒட்டினா நான் கேரண்டி தர மாட்டேன்.' ஏன்னு கேட்டேன். கம்பெனியில அடிக்கற பெயின்ட்டை ஓவன்ல வச்சு சுடுவாங்க, அது உலோகத்தைப் பிடிச்ச பிடியில நிக்கும். ரோட்டோரப் பட்டறையில பட்டி மேல அடிச்ச பெயின்ட் அந்த அளவுக்குப் பிடிக்காது. ஃபிலிமோட பசை அதைவிட ஸ்ட்ராங்கா இருந்துட்டா, ரெண்டு வருஷம் கழிச்சு உரிக்கறப்ப ஃபிலிமோட சேர்ந்து பெயின்ட்டும் வரும், சில சமயம் பட்டியும் வரும். 'வேண்டாம்னா உரிச்சுடலாம்'ங்கற வாக்கியத்துல ஒரு சின்ன எழுத்து கண்டிஷன் இருக்குன்னு அப்பதான் தெரிஞ்சுது. உரிச்சா உள்ள என்ன இருக்கும்ங்கறது, நீங்க ஒட்டறப்ப உள்ள என்ன இருந்துச்சுங்கறதைப் பொறுத்தது.

டேங்க்குக்கு வேற எதிரிகளும் உண்டு. பெட்ரோல் பங்க்ல நாசிலை எடுக்கறப்ப ரெண்டு சொட்டு சிந்தாம ஒரு நாளாவது போட்டிருக்காங்களா? பெட்ரோலை உடனே துடைக்கலைன்னா ஃபிலிமோட விளிம்புல பசையை இளக்கிடும். முட்டி உரசற எடம் தேயும். நிக்கற வண்டியில நேரா வெயில் வாங்கறதும் டேங்க்கோட மேல் பக்கம்தான். செங்குத்தா நிக்கற பாகத்தை விட படுத்துக்கிடக்கற பாகத்துல ஃபிலிம் சீக்கிரம் வயசாகும். அதனாலதான் ஃபிலிம் கம்பெனிகளே ரெண்டுக்கும் வேற வேற வாரன்டி போடறாங்க. வெயில்ல நாளாக ஆக பிளாஸ்டிசைஸர் வெளியேறி, ஃபிலிம் விறைச்சு, உரிச்சா முழுசா வராம அப்பளம் மாதிரி துண்டு துண்டா வரும். சென்னை வெயிலைப் பத்தி நான் சொல்லித்தான் தெரியணுமா?

பெயின்ட் அடிக்காத கறுப்பு பிளாஸ்டிக் பாகங்கள் இருக்கே, சொரசொரன்னு, அதுல ஒட்டவே ஒட்டாது. பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். அதுக்கு சர்ஃபேஸ் எனர்ஜி கம்மி, எந்தப் பசையும் அதுல ஒட்டி உறவாடாது. (மெட்டீரியல் சயின்ஸ் மேடம், இதைப் படிச்சீங்கன்னா இன்டர்னல்ல ரெண்டு மார்க் கூட்டிப் போடுங்க.)

இப்ப சட்டத்துக்கு வருவோம். ரூம்மேட்டோட கனவுக் கலர் மேட் ஆலிவ் பச்சை. 'மிலிட்டரி லுக் மச்சி, டெர்ரரா இருக்கும்!' இருக்கும்தான். ஆனா, மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல 121-வது விதி, ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும்தான்னு சொல்லுது. என்.சி.சி.யில ஒரு நாள் பரேடுக்கு லீவு கேட்டவனுக்கு மிலிட்டரி லுக்கு வேற! '"ப்ரெஸ்"னு பெருசா ஒட்டிடு, நீதான் பத்திரிகையில எழுதறியே'ன்னு அடுத்த ஐடியா. 2024 மே மாசம் 2-ம் தேதியிலேருந்து, தனியார் வண்டியில வேலையைக் காட்டற ஸ்டிக்கர் ஒட்டினா சென்னை டிராஃபிக் போலீஸ் நடவடிக்கை எடுக்கும்னு அறிவிச்சாங்க. முதல் தடவை 500, அடுத்த தடவை 1,500. நான் இன்டர்ன். 'ப்ரெ'ன்னு பாதி ஒட்டிக்கிட்டாக்கூட ஓவர்.

கலர் மாத்தற விஷயம் இதைவிட சீரியஸ். ஆர்.சி.யை எடுத்துப் பாருங்க, அதுல கலர்னு ஒரு வரி இருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு சொல்றது, ஆர்.சி.யில இருக்கற விவரமும் கம்பெனி சொன்ன விவரமும் மாறுபடற மாதிரி வண்டியை மாத்தக்கூடாதுன்னு. 2019 ஜனவரியில கேரளா வழக்கு ஒண்ணுல சுப்ரீம் கோர்ட்டும் இந்தப் பிரிவை அழுத்திச் சொல்லியிருக்கு. அதே 2019-ல திருத்தின சட்டப்படி, அனுமதிக்காத மாற்றத்துக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், இல்லைன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லைன்னா ரெண்டுமே. 'பெயின்ட்தானே மாத்தக்கூடாது, நான் ஸ்டிக்கர்தானே ஒட்டியிருக்கேன்'னு ரோட்டுல நின்னு வக்கீல் மாதிரி பேசலாம். ஆர்.சி.யில சிவப்பு, எதிர்ல நிக்கறது சிமென்ட் கலர்னா, திருட்டு வண்டியோன்னு சந்தேகப்படறது அவங்க வேலை. முழுசா மாத்தறதுன்னா ஆர்.டி.ஓ.கிட்ட விண்ணப்பம் குடுத்து ஆர்.சி.யில கலரைத் திருத்திக்கறதுதான் வழி. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு வார்த்தை சொல்லிடணும். என் கேஸ்ல இன்னொரு சிக்கல். 2013 வண்டிக்கு 15 வருஷப் பதிவு 2028-ல முடியுது. புதுப்பிக்கறப்ப பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னாடி கொண்டு போய் நிறுத்தணும். அப்ப அது சிவப்பா இருந்தாகணும். அதுக்கும் மேல, ஆர்.சி. என் பேர்லயே இல்ல!

அதனால மாமாவுக்கு மெசேஜ் போட்டேன். ஞாயித்துக்கிழமை போடிம்ல கூப்பிட்டார்.

'என்ன மாப்ள, வண்டியை வித்துட்டியா?'

'ஐயோ இல்ல மாமா. கலர் மாத்தலாம்னு... ஸ்டிக்கர்தான். டேங்க்ல அந்த வலது பக்கம் ஒரு மாதிரி இருக்குல்ல, அதான்...'

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. நெட் போயிடுச்சோன்னு பார்த்தேன்.

'அது எப்படி ஆச்சுன்னு அக்கா சொல்லலையா? உங்க தாத்தாவுக்கு நெஞ்சு வலின்னு ராத்திரி போன் வந்துச்சு. வத்தலக்குண்டு ரோட்டுல அடிச்சுப் புடிச்சு வந்தேன். மணல்ல சறுக்கிடுச்சு. எந்திரிச்சு அப்படியே ஓட்டிட்டுப் போயிட்டேன். ஆஸ்பத்திரியில போய் நின்னப்புறம்தான் கையில ரத்தத்தையே பார்த்தேன்.'

எனக்கு அப்ப எட்டு வயசு. தாத்தா ஆஸ்பத்திரியிலேருந்து திரும்பி வந்தது ஞாபகம் இருக்கு. அவரைப் பார்க்கப் போன வண்டி ஞாபகம் இல்ல.

'ஏன் மாமா அந்த எடத்துக்கு மட்டும் பெயின்ட் அடிச்சீங்க? முழு டேங்க்கும் அடிச்சிருந்தா தெரிஞ்சிருக்காதே?'

'காசில்ல மாப்ள.'

அவ்வளவுதான். அப்புறம் சிரிச்சார். 'உனக்குப் புடிச்ச மாதிரி பண்ணிக்க. வண்டி ஓட்டறவன் நீதானே. ஆர்.சி. என் பேர்ல இருக்கு, போலீஸ்காரர் எனக்கு போன் போடாம பாத்துக்க. டயர் எல்லாம் நல்லா இருக்கா?'

டயர். ஹும்... போனை வச்சுட்டுப் போய்ப் பார்த்தேன். டயரோட பக்கவாட்டுல டி.டபிள்யூ.ஐ.ன்னு சின்னதா எழுதியிருக்கும். அதுக்கு நேரா பள்ளத்துக்குள்ள ஒரு குட்டி மேடு இருக்கும். டயர் தேய்ஞ்சு அந்த மேட்டுக்கு சமமா வந்துட்டா, மாத்தற நேரம் வந்துடுச்சுன்னு அர்த்தம். பின் டயர் கிட்டத்தட்ட அங்க வந்து நிக்குது. மழைக்காலத்துல ஜி.எஸ்.டி. ரோட்டுல இந்த டயரோட போறவனுக்கு மேட் ஃபினிஷ் கேக்குதான்னு எனக்கே தோணுச்சு. மெக்கானிக்கிட்ட கேட்டேன், செயின் ஸ்ப்ராக்கெட்டும் போகப் போகுதுன்னு போனஸ் தகவல் சொன்னார். இவங்களுக்கு மட்டும் கெட்ட செய்தி ஜோடியாத்தான் வரும்.

இதனால ராப்பிங்கே வேஸ்ட்னு நான் சொல்லலைங்க. புது வண்டி வாங்கி, பெயின்ட் கீறல் விழாம இருக்கணும்னு நினைக்கறவங்களுக்கு, கையில காசும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் போக நேரமும் இருந்தா, தாராளமா தோசை வகையைப் போடுங்க. கீறலும் கல்லடியும் மட்டும்தான் கவலைன்னா, கலரே மாத்தாத பி.பி.எஃப்.னு ஒரு கண்ணாடி மாதிரி ஃபிலிம் இருக்கு. அது பாலியூரித்தேன், 150-லேருந்து 200 மைக்ரான் வரும், விலையும் அதே மாதிரி தடிமன்தான். பட்டி பார்த்த பழைய வண்டியை 3,000 ரூபாய் சப்பாத்தியில சுத்தறது இருக்கே, அதைத்தான் வேண்டாம்ங்கறேன். ஆறு மாசத்துல ஓரம் உரிஞ்சு, காத்துல படபடன்னு கொடியேத்திக்கிட்டு போற வண்டிங்க நம்ம கேம்பஸ்லயே ரெண்டு மூணு இருக்கு. ஓனர்ஸ் பேரு வேண்டாம், ஃப்ரெண்ட்ஷிப் கெட்டுடும்.

நான் என்ன பண்ணப் போறேன்? முதல்ல பின் டயரும் செயின் ஸ்ப்ராக்கெட்டும். மீதிக் காசுல சைடு பேனல் ரெண்டு, டெயில் பேனல், அவ்வளவுதான். அதே சிவப்புக் குடும்பத்துலயே கொஞ்சம் மேட்டா ஒரு ஷேடு அந்த அண்ணன்கிட்ட இருக்கு. யார் பார்த்தாலும் சிவப்பு வண்டி சிவப்பு வண்டிதான், ஆர்.சி.யும் கோவிச்சுக்காது. கம்பெனி பெயின்ட் அடிச்ச பிளாஸ்டிக் பேனலுங்கறதால உரிக்கறப்பவும் பயமில்ல. பேனலை நானே கழட்டிக் கொண்டு வர்றேன்னு சொன்னதும் கூலியில கொஞ்சம் குறைச்சுக்கிட்டார். மெக்கானிக்கல் படிச்சதுக்கு இந்த நாலு வருஷத்துல கிடைக்கற முதல் வருமானம் இதுதான்!

டேங்க்ல கை வைக்கலை. வெயில்ல அந்த எடம் வேற சிவப்பாத்தான் தெரியும், தெரியட்டும். ரூம்மேட்தான் செம கடுப்புல இருக்கான், 'ஒரு மாசம் ரிசர்ச் பண்ணிட்டு மூணு பேனலாடா?'ன்னு. அவனுக்கு ஹெல்மெட்டுக்கு ஒரு ஸ்டிக்கர் வாங்கித் தர்றேன்னு சொல்லி சமாதானப்படுத்தியிருக்கேன்.

வர்ற திங்கக்கிழமையிலேருந்து வண்டி மெக்கானிக்கல் பிளாக் பின்னாடி வேப்பமரத்தடியில நிக்கும். சும்மா பார்த்துட்டுப் போங்க. காக்கா எச்சம் ஏதாவது இருந்தா ஈரத்துணியால துடைச்சு விட்டுடுங்க மக்காஸ், ஃபிலிமுக்கு ஆகாதாம்!